நல்ல பிள்ளைக்குத்தான் புகலிடமா?

பெஞ்சமின் செஃபனையா, பர்மிங்காமில் பிறந்த கருப்பினக் கவிஞர்; பதின்மூன்று வயதில் பள்ளியைத் துறந்தவர். அவர் 2001-இல் தந்த 'ரெஃப்யூஜி பாய்' — அகதிச் சிறுவன் — எனும் புதினம், இங்கிலாந்தின் பள்ளிகள் பலவற்றில் பாடமாகியிருக்கிறது. பள்ளி இழந்தவரின் ஏடு பள்ளிக்குள் புகுந்தது! மகிழத்தக்க செய்தி. எனினும், ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்நூலைப் படித்தபோது, பாராட்டு ஒரு பக்கமும் ஐயம் ஒரு பக்கமும் எழுந்தன.

பாராட்டு முதலில். எத்தியோப்பியாவிலே ஓர் இரவு. உறங்கும் வீட்டின் கதவை உதைத்துத் திறக்கிறது படை. தந்தை எத்தியோப்பியர், தாய் எரித்திரியர். "துரோகி" என்ற பட்டம் தந்தைக்கு, "பகைவர்" என்ற பட்டம் தாய்க்கு! வெளியேறு என்பது கட்டளை. அடுத்து எரித்திரியா. அதே இரவு, அதே உதை, ஏறக்குறைய அதே சொற்கள். பட்டங்கள் மட்டும் இடம் மாறுகின்றன! எரித்திரியா தனி நாடானது 1993-இல். எல்லைப் போர் மூண்டது 1998-இல். ஐந்தாண்டுக் கோடு ஒன்று, கணவனையும் மனைவியையும் இரு பகை நாடுகளாக்கிற்று. எல்லை என்பது இயற்கையன்று, மனிதன் இட்டது என்று நாம் மணிக்கணக்கில் முழங்குகிறோமே, அதை இரண்டே காட்சியில் முடித்துவிட்டார் செஃபனையா.

இனி ஐயம். மகன் அலெமை இலண்டனுக்கு அழைத்து வந்து, விடுதி அறையிலே ஒரு கடிதத்துடன் விட்டுச் செல்கிறார் தந்தை. பையன் எப்படிப்பட்டவன்? படிப்பில் ஆர்வம், பேச்சில் பணிவு, பழகினோர் விரும்பும் பண்பு. வழக்கு மன்றம் புகலிடம் மறுக்கிறது. வகுப்புத் தோழர்கள் கொதித்தெழுந்து இயக்கம் நடத்துகிறார்கள். படிக்கும் மாணவன் கண்ணீர் வடிக்கிறான், நல்ல பிள்ளையை விரட்டுகிறார்களே என்று!

அங்கேதான் இடறுகிறது. 1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கேட்பது என்ன? இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து — இவற்றுள் ஒன்றின் பொருட்டுக் கொடுமைக்குள்ளாவோம் என்ற தக்க அச்சம் உண்டா என்பது மட்டுமே. மதிப்பெண் பட்டியலை அது கேட்கவில்லை. நன்றி கூறத் தெரியுமா என்றும் வினவவில்லை. கொடுங்குற்றம் புரிந்தவனை விலக்குகிறதே ஒழிய, முரடனையும் மந்தனையும் அது விலக்கவில்லை. தஞ்சம் கோருவோன் என்பவன், அந்த அச்சம் மெய்யா என்ற தீர்ப்புக்குக் காத்திருப்பவன். அகதி, அவ்வச்சம் மெய்யாக உள்ளவன். அலெமின் பண்பில் மயங்கும் வகுப்பு இந்த வேறுபாட்டைக் கோட்டை விட்டுவிடும்.

இளம் உள்ளத்தை முதலில் அன்பினால்தான் திறக்க முடியும் என்று எழுத்தாளர் சார்பில் வாதிடலாம். சரிதான். ஆனால் உரிமை, விருப்பத்தின் பரிசாகிவிடுகிறதே! தோழர் கூட்டம் இல்லாத பையனுக்காக யார் ஊர்வலம் போவார்?

ஆகவே, நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு பயிற்சியைச் சேர்த்து நடத்துக என்கிறேன். அதே இரு இரவுகள், அதே உதை. பையன் மட்டும் வேறு: யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவன், கணக்கில் தேறாதவன், உணவிட்டவரிடமே எரிந்து விழுபவன். இவனுக்காக வழக்காடி ஒரு பக்கம் எழுதுமாறு மாணவரைக் கேளுங்கள். எத்தனை பேனாக்கள் தயங்கி நிற்கின்றன என்று பாருங்கள்; பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.