விட்டுக்கொடுத்து வெல்லும் ஜோடி

‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ 1982இல் வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலைச் சொல்வார்கள், அடுத்த மூச்சில் கிட்டாரைச் சொல்வார்கள். இரண்டுக்கும் அடியில் இன்னோர் ஓட்டம் இருக்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால், குரல் தன் வழியே போக, பாஸ் கிட்டார் தனக்கென்று ஒரு வழி பிடித்து நடப்பது தெரியும். குரல் நிற்கும் இடத்தில் அது நகர்கிறது. குரல் அசையும்போது அது அடக்கிக்கொள்கிறது. வாசித்தவர் சசிதரன். இளையராஜாவின் குழுவில் அவருக்குத் துணை நின்ற டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமன். தமிழ்த் திரையிசையின் மிகச் சிறந்த பாஸ்–டிரம்ஸ் ஜோடி எது என்று கேட்டால், தயங்காமல் இவர்களைத்தான் சொல்வேன். ஏன் என்பதே இந்த வார அலசல்.

அளவுகோலை முதலில் வைத்துவிடுகிறேன். பாஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளில் தடித்ததைத் திறந்தபடி மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் ஏறத்தாழ அதே தாழ்ந்த பகுதியில்தான் முழங்கும். ஒரே இடத்துக்கு இரண்டு பேர். இருவரும் அவரவர் இஷ்டத்துக்கு முழங்கினால் சுரமும் தெரியாது, அடியும் தெரியாது, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். எந்த அடியில் சேர்ந்து இறங்குவது, எந்த இடத்தில் ஒருவர் ஒதுங்குவது என்பதில்தான் ஜோடியின் தரம் இருக்கிறது. நல்ல பேட்டிங் ஜோடி ரன் ஓடுவது இப்படித்தான். கூப்பிடுகிறவர் ஒருவர், நம்பி ஓடுகிறவர் இன்னொருவர். இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் விக்கெட் போய்விடும்.

திருச்சியின் காது

இந்த இரட்டை ஓசையைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் நம் திருச்சிக்கு டிரம்ஸ் வருவதற்கு முன்பே உண்டு. மிருதங்கத்தின் வலந்தலையில் நிலையான கரணை இருக்கும். அதன் நாதம் கூர்மையானது, சுருதியோடு நிற்பது. இடப்பக்கத் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புவார்கள். அந்த ஈரப் பூச்சினால் தோல் கனத்து ஓசை தாழ்ந்து இறங்கும். மணிக்கட்டால் அழுத்தித் தேய்த்தால் கும்கி என்னும் வளைந்த நாதம் பிறக்கும். பாஸும் டிரம்ஸும் ஒரே கட்டைக்குள் இருக்கின்றன என்றே சொல்லலாம்.

அந்தத் தொப்பியைப் பேச வைத்தவர்களில் தலையானவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908 முதல் 1962 வரை வாழ்ந்த அவர் இடக்கைக்காரர். மற்றவர்கள் இடக்கையில் எழுப்பும் தொப்பியின் நாதத்தை அவர் வலக்கையில் எழுப்பினார். அந்தக் கும்கியின் கனம் புதுக்கோட்டை வழியின் முத்திரையாக நின்றது. கஞ்சிராவிலும் அவர் பெரிய கை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தோடு அவருடைய கஞ்சிரா சேர்ந்த கச்சேரிகளைப் பற்றிப் பழைய ரசிகர்கள் சொல்லி ஓயமாட்டார்கள். தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் வாசித்து முடித்த இடத்தில் மற்றவர் எடுப்பார். குறைப்பில் அந்தப் பரிமாற்றம் நெருங்கி நெருங்கி வரும். கடைசியில் முடிப்புகளான மோராவிலும் கோர்வையிலும் இருவரும் ஒன்றாக இறங்குவார்கள். பிரிவதற்கும் சேர்வதற்கும் இதைவிடத் தெளிவான இலக்கணம் உலகில் எந்த ரிதம் ஜோடிக்கும் கிடையாது.

பிள்ளையின் சீடர், லால்குடிப் பக்கம் பூவாளூரில் 1942இல் பிறந்த திருச்சி சங்கரன். அந்தக் கையை 1971இல் கனடாவின் டொரண்டோவுக்குக் கொண்டுபோய் யார்க் பல்கலைக்கழகத்தில் பாடமாக்கினார். 2011இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

மேற்கத்திய டிரம்ஸும் நம் ஊருக்குச் சென்னை வழியாக மட்டும் வரவில்லை. பொன்மலை ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடனமும் இசையுமாகக் கொண்டாடியவை. ஒரு பக்கம் ஸ்ரீரங்கத்து வீதிகளில் புறப்பாட்டுத் தவில், இடக்கையில் குச்சி, வலக்கை விரல்களில் கூடு. இன்னொரு பக்கம் பொன்மலையின் நடன இசை. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த காதுக்கு இளையராஜாவின் பாஸ் அந்நியமாகப் படவில்லை.

முதல் இடம்: சசிதரன் – புருஷோத்தமன்

இளையராஜா எல்லா வாத்தியங்களுக்கும் தானே நோட்டு எழுதுகிறவர். பாஸையும் அவர் வாசிப்பவரின் கைக்கு விட்டுவிடவில்லை. பாட்டின் ஆதார சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து அதை விடுவித்து, அதற்கென்று ஒரு மெட்டு எழுதினார். எழுதிக் கொடுத்த மெட்டை, எழுதியது போலத் தெரியாமல் வாசிப்பதுதான் கடினம். சசிதரனின் பெருமை அங்கே இருக்கிறது. நோட்டில் உள்ளதைத்தான் வாசிக்கிறார், ஆனாலும் பாட்டைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வது போல ஒலிக்கிறது.

பாஸ் இப்படிப் பாடத் தொடங்கினால் டிரம்ஸ் என்ன செய்ய வேண்டும்? காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு, அடிகளைக் குறைத்து, இடம் விட வேண்டும். புருஷோத்தமன் செய்தது அதுவே. சரணத்துக்குப் போகும் திருப்பத்தில் ஒரு சின்ன உருட்டு, அதோடு சரி. ராஜாவின் குழுவை நடத்துகிறவராகவும் இருந்தவர் என்பதால் அவருக்கு முழுப் பாட்டும் கண்முன் இருந்தது. தன் கையில் வித்தை இருக்கிறது என்று காட்டிக்கொள்ள அவர் பாட்டைப் பயன்படுத்தவில்லை.

ராஜாவின் இந்த எழுத்துமுறை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ‘அக்னி நட்சத்திரம்’ (1988) கேளுங்கள். பாடல்கள் அனைத்தும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி எழுதியவை. அதில் ‘நின்னுக்கோரி வர்ணம்’ பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தை நினைவூட்டித் தொடங்குகிறது. ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம். மேலே சித்ரா அந்த ஐந்துக்குள் நிற்க, கீழே பாஸும் தாளமும் நடனக் கூடத்து வேகத்தில் போகின்றன. வர்ணம் கற்ற பிள்ளைக்கும் ராகம் தெரியும், கல்லூரிப் பையனுக்கும் கால் ஆடும். இரண்டு உலகமும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்பதற்குக் காரணம் அடித்தளம் அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருப்பதே.

இரண்டாம் இடம்: கீத் பீட்டர்ஸ் – சிவமணி

ஏ.ஆர்.ரஹ்மானின் மேடைகளில் பார்த்த இந்த ஜோடி, வேலையைத் தலைகீழாகப் பிரித்துக்கொண்டது. எம்.எஸ்.விஸ்வநாதனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்டைத் தன் ஆதர்சம் என்று சொல்லும் சிவமணி பறக்கிறவர். டிரம்ஸ் போதாமல் கையில் கிடைத்த பொருளையெல்லாம் வாத்தியமாக்குகிறவர். அவர் பறப்பதற்குத் தரை வேண்டும். கீத் பீட்டர்ஸ் அந்தத் தரையாக நின்றார். குறைந்த சுரங்கள், நிறைந்த நாதம், அசையாத காலம். அவர் அப்படி நிற்பதால்தான் சிவமணி எவ்வளவு தூரம் போனாலும் தாளத்தின் தொடக்க அடியான சமத்துக்குத் திரும்பும்போது கூட்டம் தொலையாமல் இருந்தது.

சசிதரனுக்கு முதலிடம் கொடுப்பதற்கு ஒரே காரணம் உண்டு. அங்கே பாஸும் டிரம்ஸும் பாட்டுக்குள்ளேயே கரைந்திருக்கின்றன. பாட்டை முணுமுணுக்கிறவர் தன்னை அறியாமல் பாஸ் வரியையும் சேர்த்தே முணுமுணுக்கிறார்.

பாஸ் பாட, டிரம்ஸ் இடம் விடும் இந்த முதல் வழி வெளியுலகிலும் உண்டு. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே விரலால் மீட்டிப் பாஸைப் பாட வைத்தார், பென்னி பெஞ்சமின் டிரம்ஸில் நேராக நடந்தார். ஜமைக்காவில் பாப் மார்லிக்கு வாசித்த பாரெட் சகோதரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஆஸ்டன் பாஸில் மெட்டுப் பாட, கார்ல்டன் நான்கு எண்ணிக்கையில் முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவதில் இறங்கினார். இது ஐரோப்பியக் காதுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். சமத்தை விட்டுத் தள்ளி எடுப்பு வைத்த கீர்த்தனைகளைக் கையில் தாளம் போட்டுக் கேட்ட திருச்சிக்காரருக்கு, காலியாக விட்ட அடியின் பலம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைய மேடை

இப்போது கவலைக்கு வருகிறேன். மெல்லிசைக் குழுவில் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கழற்றப்படுகிறவர் பாஸ் கிட்டார்காரர். அவர் வேலையைக் கீபோர்டின் இடக்கை பார்த்துக்கொள்கிறது. டிரம்ஸ் இருந்த இடத்தில் ரிதம் பேட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒலிபெருக்கிகள் பெரிதாகிவிட்டதால் நெஞ்சு அதிர்கிறது, கூட்டமும் அதையே பாஸ் என்று எடுத்துக்கொள்கிறது. அதிர்வு வேறு, பாஸ் வேறு. ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து, இந்தப் பாடகர் இன்று சற்று நிதானமாகப் பாடுகிறார் என்று உணர்ந்து, இருவரும் ஒன்றாக இறங்குவதைப் பதிந்து வைத்த ஒலி செய்யாது.

தேவாலயப் பாடற்குழுக்களில் இன்றும் இளைஞர்கள் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகுகிறார்கள். கல்லூரிக் கலைவிழா மேடைகளிலும் அந்த ஆர்வம் தெரிகிறது. கற்க ஆள் இருக்கிறது. வாசிக்க மேடைதான் குறைகிறது.

கற்கிற பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. ‘இளைய நிலா’வின் பாஸை மட்டும் முழுதாகப் பாடிப் பழகுங்கள். பிறகு ஒரு நல்ல தனி ஆவர்த்தனத்தைத் தொப்பியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் அடித்தளம் போய்விடும், ஹெட்போன் அவசியம். இந்த இரண்டும் கைவந்தால், எப்போது வாசிக்கக் கூடாது என்பது தானாகத் தெரியும்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அலங்கார விளக்கில் ஒரு வரிசையைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் பாஸ் கிட்டாருக்கு ஓர் ஆளும் டிரம்ஸுக்கு ஓர் ஆளும் போடுங்கள். நோட்டீஸில் பாடகர் பெயருக்குக் கீழே அவர்கள் பெயரும் வரட்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கும்கியை ரசித்த வட்டாரம் இது. நல்ல ஜோடியை மேடையேற்றினால் கேட்கத் தெரிந்த கூட்டம் இங்கே நிச்சயம் வரும்.