லோடு ஆவரேஜை கோர் எண்ணிக்கையால் வகுத்தால் போதுமா?

லினக்ஸில் அப்டைம் கமாண்ட் கொடுத்தால் கடைசியில் மூன்று எண்கள் வரும். 1, 5, 15 நிமிட லோடு ஆவரேஜ். இதை விளக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தைத்தான் சொல்கின்றன: அந்த எண்ணை கோர் எண்ணிக்கையால் வகுங்க, 1-க்குக் கீழே இருந்தா கவலையில்லை, மேலே போனா சிபியு பத்தல. ஞாபகம் வச்சுக்க சுலபம். ஆனால் இதை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

முதல் காரணம், லினக்ஸில் அந்த எண் சிபியுவை மட்டும் அளப்பதில்லை. பழைய யூனிக்ஸ் வழக்கப்படி, ஓடுகிற ப்ராசஸ்களும் ஓடக் காத்திருக்கிறவையும் மட்டுமே கணக்கு. 1993-ல் மத்தியாஸ் உர்லிக்ஸ் அனுப்பிய பேட்ச், டிஸ்க் மாதிரியான விஷயங்களுக்காக 'டி' நிலையில் முடங்கிக் கிடப்பவற்றையும் சேர்த்தது. அவர் வாதம் நியாயமானதுதான். ஸ்வாப் டிஸ்க் மெதுவாகி மெஷினே திணறும்போது லோடு மட்டும் குறைஞ்சு காட்டினா எப்படி?

ஆனால் அதற்குப் பிறகு வகுத்தல் சூத்திரம் செல்லாது. 8 கோர் சர்வர். என்எஃப்எஸ் தொடர்பு அறுந்து 40 ப்ராசஸ்கள் 'டி' நிலையில் மாட்டிக்கொள்கின்றன என்று வையுங்கள். லோடு 40, வகுத்தால் 5. சிபியுவோ சும்மா இருக்கு. இன்னும் 8 கோர் வாங்கிப் போட்டாலும் எதுவும் மாறாது. ரேஷன் கடையில் பில் போட நிற்பவர்களையும், பாமாயில் லோடு வரட்டும்னு உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணிட்டு, பில் மெஷின் பத்தலன்னு சொல்ற கதைதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. ஒரே த்ரெட்டில் ஓடும் ப்ரோக்ராம் ஒரு கோரை முழுசா விழுங்கிக்கிட்டிருக்கு. 8 கோரில் வகுத்தால் 0.125. சூத்திரம் எல்லாம் நலம் என்கிறது; பயனரோ ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கார்.

இன்னொன்று, இது நேரடிச் சராசரியும் இல்லை. பழைய மதிப்பு படிப்படியாக மங்கும் கணக்கு. சும்மா இருந்த மெஷினில் ஒரு வேலை முழு நிமிடம் ஓடினாலும் 1 நிமிட எண் 1 ஆகாது, சுமார் 0.63 தான்.

அப்ப இந்த எண் வேஸ்ட்டா? இல்லை. உங்கள் மெஷினின் நேற்றைய நிலையோடு இன்றையதை ஒப்பிட நல்ல எச்சரிக்கை மணி. ஏறினால் விஎம்ஸ்டாட்டில் 'ஆர்', 'பி' என்ற இரண்டு பத்திகளையும் பாருங்கள். கோர் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டியது 'ஆர்' மட்டும்தான். 'பி' ஏறினால் டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ சந்தேகிக்கலாம். 2018-ல் வந்த கெர்னல் 4.20 முதல், சிபியு, மெமரி, ஐஓ ஒவ்வொன்றுக்காகவும் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று பிஎஸ்ஐ தனித்தனியாகவே காட்டுகிறது.

எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைத்தான் லோடு ஆவரேஜ் சொல்லும். எதுக்காகன்னு நாமதான் கேட்கணும்.