எல்லை இருக்கிறதா என்று கேட்காத கணக்கு

ராமானுஜனின் பிறந்தநாளான டிசம்பர் 22 நெருங்கினால் ஒரு கணக்கு தவறாமல் சுற்றுக்கு வந்துவிடும். √(1+2√(1+3√(1+4√…))) என்று முடிவின்றி நீளும் வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? 1911இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் 289ஆம் கேள்வியாக அவர் கேட்டது இது. விடை 3. இதைக் காட்டித்தான் இப்போது கோச்சிங் வகுப்புகளின் ‘எக்ஸ் எனக் கொள்க’ ஷார்ட்கட்டுக்கும் வக்காலத்து வாங்குகிறார்கள்.

ஷார்ட்கட் தெரிந்ததுதான். √2, √(2+√2), √(2+√(2+√2)) எனப் போகும் தொடர்முறையின் எல்லை எக்ஸ் என்றால், எக்ஸின் வர்க்கம் 2 கூட்டல் எக்ஸ். தீர்த்தால் 2 அல்லது −1. குறை எண்ணை அடித்துவிட்டால் விடை 2. சரியான விடைதான். ஜேஇஇ மெயினில் 3 மணி நேரத்துக்கு 75 கேள்விகள் என்னும்போது வேகமும் வேண்டியதுதான்.

ஆனால் ‘எல்லை எக்ஸ்’ என்று எழுதும்போதே எல்லை ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டாயிற்று. 1இல் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பையும் இரட்டித்து 1 கூட்டினால் 1, 3, 7, 15 என்று எண்கள் எகிறும். ஷார்ட்கட் இதற்குத் தரும் எல்லை −1. இந்த அபத்தமாவது கண்ணில் படும். 1இல் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பையும் 6இலிருந்து கழித்தால் 1, 5, 1, 5 என்றே ஓயாமல் மாறும், எல்லையே கிடையாது. ஷார்ட்கட்டோ 3 என்கிறது. நம்பும்படியான எண் என்பதால் மாணவர் சந்தேகமின்றி 3ஐக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். சாரல் அடிக்கும் ஆடியில்கூடத் தென்காசிக்காரர் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் குற்றாலத்துக்குக் கிளம்புவார். அந்த விசாரிப்பைத்தான் இந்த வகுப்புகள் பிள்ளைகளிடமிருந்து பறிக்கின்றன.

ராமானுஜனைத் துணைக்கு அழைப்பதும் செல்லாது. 3ஐ √(1+2×4) என்றும், 4ஐ √(1+3×5) என்றும் விரித்துக்கொண்டே போனது அவர் தந்த தீர்வு. அதே பாணியில் 4ஐ √(1+2×15/2) என்றும், 15/2ஐ √(1+3×221/12) என்றும் விரிக்கலாம். அப்படியானால் விடை 4 ஆகாதா? ஆகாது என்பதை விரிப்பு மட்டும் சொல்லிவிடாது. இடையில் நிறுத்திக் கணக்கிட்டால் கிடைக்கும் 1.73, 2.24, 2.56 என்ற எண்கள் ஏறிக்கொண்டே போய் 3இல்தான் ஒருங்குகின்றன என்று காட்டியாக வேண்டும். 1927இல் ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தபோது, இத்தகைய மூலங்கள் எப்போது ஒருங்கும் என்பதற்கான நிபந்தனையைத் தந்தவர் டி. விஜயராகவன். பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தை நடத்தியவரும் அவரே. கேள்வியைப் போற்றுகிறவர்கள் அதை முழுமையாக்கிய இந்தத் தமிழரின் பெயரைச் சொல்வதே இல்லை.

நேரமில்லை என்பதும் வீண் சாக்கு. முதலில் பார்த்த √2, √(2+√2) தொடர்முறையையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் உறுப்பு √2, 2ஐவிடச் சிறியது. ஓர் உறுப்பு 2ஐவிடச் சிறியது என்றால், அடுத்தது √(2+2), அதாவது 2ஐவிடச் சிறியதே. 2ஐவிடச் சிறிய மிகை எண்ணின் வர்க்கம், அந்த எண்ணுடன் 2 கூட்டியதைவிடச் சிறியது. ஆகவே தொடர்முறை ஏறுகிறது. ஏறுவதும் மேல்வரம்பு உள்ளதுமான தொடர்முறைக்கு எல்லை உண்டு. நிறுவல் முடிந்தது.

தென்காசி மாவட்டப் பள்ளிகள் இதை அடுத்த காலாண்டுத் தேர்விலேயே தொடங்கலாம்: ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால், எல்லை இருப்பதை நிறுவ மூன்று, அதன் மதிப்பைக் காண இரண்டு.