கைகூடிய கதையும் கைகூடாத கதைகளும்

ஒருவர் தமக்குப் பிடித்த திரைப்படங்களை வரிசைப்படுத்திச் சொல்லும்போது, தம்மை அறியாமலேயே தம் உள்ளத்தையும் திறந்து காட்டிவிடுகிறார். எதற்கு அழுதார், எதற்குக் கைதட்டினார், எதை மறக்க முயன்றும் முடியாமல் போயிற்று என்பவை அந்தப் பட்டியலில் மறைந்திருக்கின்றன. அந்த வகையில் அதுவும் ஓர் ஆன்மச் சோதனையே. அத்தகைய சோதனையாகவே என் உள்ளத்தில் தங்கிவிட்ட நான்கு படங்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

கண்மாய் நீரையும் வானத்தையும் நம்பி வாழும் வல்லத்திராக்கோட்டைக்காரர்களுக்குச் சினிமா அயலூர்ச் சரக்கு அன்று. பி. யு. சின்னப்பாவும் ஜெமினி கணேசனும் புதுக்கோட்டை மண் தந்த கலைஞர்கள். ஆயினும் எங்கள் வீடுகளில் தடையின்றி அனுமதி கிடைத்தது வேதப் படங்களுக்கும் புனிதர் படங்களுக்கும் மட்டுமே. 'நல்ல படம்' என்றால் சாமி படம் என்பதே பெரியவர்கள் வகுத்த இலக்கணம். அந்த இலக்கணம் போதுமா என்பதே என் கேள்வி.

முதலில், அந்த இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்தும் படத்தைச் சொல்லிவிடுகிறேன். 1948இல் சிட்டாடல் நிறுவனம் தயாரித்து, எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்த 'ஞானசௌந்தரி' அது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படும் இளவரசிக்குத் தேவமாதா கைகளைத் திரும்பத் தருகிறார். கத்தோலிக்க ஊர்களின் நாடக மேடைகளில் வளர்ந்த இக்கதையைத் திரையில் பார்த்துச் சமய வேறுபாடின்றி மக்கள் கண்ணீர் விட்டனர். அதே ஆண்டில் ஜெமினி நிறுவனம் எடுத்த 'ஞானசௌந்தரி' இதன் முன் நிற்கமாட்டாமல் போயிற்று. என் பாட்டியின் தலைமுறைக்கு இது படமாக இல்லை, ஏறக்குறைய ஒரு நவநாளாகவே இருந்தது.

அதே 1948இல் இத்தாலியில் விட்டோரியோ டி சிக்கா 'சைக்கிள் திருடர்கள்' படத்தை எடுத்தார். போருக்குப் பிந்திய உரோமையில் வேலையில்லாத் திண்டாட்டம். சுவரொட்டி ஒட்டும் வேலை ஒருவனுக்குக் கிடைக்கிறது; அதற்குச் சைக்கிள் வேண்டும்; அந்தச் சைக்கிளோ முதல் நாளே திருடு போகிறது. சிறு மகனுடன் நகரமெங்கும் தேடி அலைந்து, இறுதியில் மனம் கலங்கி அவனே ஒரு சைக்கிளைத் திருடுகிறான், பிடிபடுகிறான். மகன் கண்ணெதிரே அவமானப்பட்டு நடக்கும் தந்தையின் கையை அந்தச் சிறுவன் தானாகவே பற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் முடிவு. சைக்கிள் கிடைக்கவில்லை, வானம் திறக்கவில்லை.

இப்படத்தில் ஆலயமும் வருகிறது. அங்கே ஏழைகளுக்கு வழிபாடும் உணவும் உண்டு. ஆனால் இந்த ஏழையின் பதைப்பைக் கேட்கத்தான் எவருக்கும் நேரமில்லை. இவ்வாறு நம்மை நோக்கியே விரல் நீட்டும் படத்தைத் திருச்சபை ஒதுக்கிவிடவில்லை. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் சமயம், விழுமியம், கலை என்னும் மூன்று தலைப்புகளில், தலைப்புக்கு 15 வீதம் 45 படங்களைத் தேர்ந்து வெளியிட்ட பட்டியலில், விழுமியப் பிரிவில் இது இடம்பெற்றது. புனிதர் எவரும் வராத படத்திலும் நற்செய்தியின் மணம் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த மணத்தை நம் தமிழிலும் முகர்ந்திருக்கிறேன். இளையான்குடியில் பிறந்து, அலெக்சாண்டர் என்னும் இயற்பெயர் கொண்ட மகேந்திரன் (1939–2019) இயக்கிய முதல் படம் 'முள்ளும் மலரும்' (1978). தங்கையை உயிராக நேசிக்கும் காளி, தன்மானத்தைத் தெய்வமாக்கிக்கொண்டவன். மேலதிகாரியான பொறியாளரைப் பகைக்கிறான். ஒரு விபத்தில் ஒரு கையை இழக்கிறான். அந்தப் பொறியாளரையே தங்கை மணக்க விரும்பும்போது மறுக்கிறான். ஊரே திரண்டு அவளை மணமேடைக்கு அழைத்துச் செல்ல, பாதி வழியில் அவள் அண்ணனிடமே திரும்பி ஓடி வருகிறாள். அந்தக் கணத்தில் காளி உடைகிறான்; தானே அவளை மாப்பிள்ளையிடம் அனுப்பிவைக்கிறான். ஆனால் அந்த மனிதரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறான்.

ஞானசௌந்தரிக்குத் திரும்பிய கை காளிக்குத் திரும்பவில்லை. மனமாற்றமும் முழுமையாகவில்லை. நம்மில் பெரும்பாலோரின் மனமாற்றமும் இப்படித்தானே இருக்கிறது? ஒப்புரவு அருட்சாதனம் பெற்று வெளியே வந்த பின்னும் பகைவனின் முகம் இனிப்பதில்லை. ஆயினும் இறுகப் பிடித்திருந்ததை விட்டுக்கொடுக்க முடிகிறது. அருள் அந்த அளவில் தொடங்குவதையும் மதிக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவன் காளி.

நான்காவது படத்தைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கருவை எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979இல் அளித்த 'உதிரிப்பூக்கள்' அது. பிறர் துன்பத்தில் இன்பம் காணும் சுந்தரவடிவேலுவின் கொடுமை அளவு கடந்துபோக, பொறுமையிழந்த ஊரார் அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், தானாகவே ஆற்றில் இறங்கிச் சாகும்படி செய்கிறார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை. யார் கையிலும் இரத்தம் இல்லை. இறங்கும் முன் அவன், இதுவரை நல்லவர்களாக இருந்த ஊராரையும் தன்னைப் போலவே ஆக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். தந்தையை இழந்த இரு குழந்தைகள் கரையில் நிற்கிறார்கள்.

முதன்முறை பார்த்தபோது, அவனை ஊரார் இழுத்துச் சென்ற காட்சியில் கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். அந்தக் குழந்தைகளைக் கண்டதும் என் கைகள் எனக்கே அந்நியமாயின. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைச் சூழ்ந்து கல்லோடு நின்ற கூட்டத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன்; அக்கூட்டத்தில் என்னையும் ஒருவனாக அதுவரை நான் எண்ணியதில்லை. நற்செய்திக் கூட்டத்தார் கற்களைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்து சென்றனர். திரையில் நின்ற ஊராரோ, என்னைப் போலவே, நேரம் கடந்துதான் உணர்ந்தனர். ஊர்க்கூட்டம் கூடி ஒருவரைத் தண்டிக்கும் செய்தியையோ, ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் செய்தியையோ கேட்கும்போதெல்லாம் அந்த ஆற்றங்கரைதான் நினைவில் எழுகிறது. அங்கே நான் எங்கே நிற்கிறேன் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

அப்படியானால் பாட்டியின் 'ஞானசௌந்தரி' குறைந்துபோயிற்றா? இல்லை. இந்த மூன்று படங்களையும் பார்த்த பின்புதான் அந்தக் கதை எனக்கு முழுமையாக விளங்கிற்று. கைகள் திரும்பியதே அதன் புதுமை என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதற்கு வெகு முன்னரே, கையற்ற அப்பெண்ணைக் காட்டில் கண்ட இளவரசன் அவளை அருவருத்து ஒதுக்காமல் மனைவியாக ஏற்கிறானே! மரியன்னை செய்யவிருந்ததை நோக்கி ஒரு மனிதன் எடுத்துவைத்த முதல் அடி அது. சைக்கிள் இழந்த தந்தையின் கையைப் பற்றிய சிறுவன் செய்ததும் அதுவே. உதிரிப்பூக்கள் ஊரார் செய்யத் தவறியதும் அதுவே.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1936இல் திரைப்படம் குறித்து எழுதிய சுற்றுமடலில், அதன் தீமையைக் குறித்து எச்சரித்ததோடு, நன்மைக்கு உதவும் அதன் ஆற்றலையும் சுட்டிக்காட்டினார். அந்த ஆற்றல் சாமி படங்களில் மட்டும் அடங்கிவிடுவதில்லை என்பதே என் சிற்றறிவுக்கு எட்டியது. பிள்ளைகள் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், 'அது நல்ல படமா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'அதில் நீ யாராக இருந்தாய்?' என்றும் கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியை நமக்கும் கேட்டுக்கொள்வோம். கூட்டத்தோடு சேர்ந்து தட்டிய கைகளா நம்முடையவை, அல்லது விழுந்தவரைப் பற்றிய கைகளா?