ஆங்கிலச் சொற்களும் ஸ்பானியச் சொல்லாக்க நெறியும்: ஒரு மதிப்பீடு

பிறமொழிச் சொல்லைப் பெயர்த்துரைப்பது மொழிக்காப்பு, ஒலிபெயர்த்து ஏற்பது மொழியிழப்பு என்னும் கருத்து தமிழ்ச் சொல்லாக்கச் சிந்தனையில் வலுவாக வேரூன்றியுள்ளது. ஆங்கிலச் சொற்களை ஸ்பானிய மொழி எதிர்கொண்ட வரலாறு இக்கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கின்றது. 1713ஆம் ஆண்டு முதல் தனக்கெனக் காவற்கழகம் ஒன்றைப் பெற்றிருக்கும் மொழி அது என்பதால் இச்சான்று கூடுதல் கவனத்திற்குரியது.

கால்பந்தாட்டம் ஆங்கிலேயர்வழி ஸ்பெயினுக்கு வந்தது. உவெல்வா துறைமுக நகரில் 1889இலேயே அதற்கெனச் சங்கம் தோன்றிவிட்டது. 1908இல் மரியானோ தே கவியா என்னும் இதழாளர், பந்தையும் காலையும் குறிக்கும் ஸ்பானியச் சொற்களை இணைத்துப் ‘பலோம்பியே’ என்னும் சொல்லை முன்மொழிந்தார். தமிழின் ‘கால்பந்து’ போன்றதே இதன் ஆக்கமும். தமிழில் அச்சொல் நிலைபெற்றது. ஸ்பானியத்தில் ‘ஃபுத்பொல்’ என்னும் ஒலிபெயர்ப்பே வென்றது. பலோம்பியே இன்று செவில்லா நகரின் பெத்தீஸ் போன்ற சில சங்கங்களின் பெயரில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தோல்விக்குச் சொல்லின் அமைப்பைக் காரணமாக்க இயலாது. பந்தையும் கூடையையும் அதே முறையில் இணைத்த ‘பலோன்செஸ்தோ’ ஸ்பெயினில் முழு வெற்றி பெற்றுள்ளது. ஆயினும் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அவ்விளையாட்டு ‘பாஸ்கெத்பொல்’ என்றே வழங்குகின்றது. ஒரே மொழி, ஒரே ஆக்கமுறை, முரண்பட்ட முடிவுகள். முன்மொழிவு எப்போது வந்தது என்பதே இங்குத் தீர்மானிக்கும் கூறாகத் தோன்றுகிறது. கவியா எழுதியபோது மைதானத்தின் வாய்மொழி ஏற்கெனவே உறுதிப்பட்டிருந்தது. ஆட்டக்காரரைக் குறிக்கும் ‘ஃபுத்பொலிஸ்தா’ முதலிய கிளைச்சொற்களும் அவ்வேரிலிருந்தே தழைத்தன. தன் விகுதிகளை ஏற்றுக் கிளைக்கும் சொல்லை அயற்சொல் என்று எத்துணைக் காலம் ஒரு மொழி அழைக்க முடியும்?

ஒலி நிலையில் ஸ்பானியம் பின்பற்றும் நெறி தமிழ் இலக்கணம் பயின்றோர்க்குப் புதியதன்று. சகர ஒற்றும் மற்றொரு மெய்யும் சேர்ந்து சொல்லைத் தொடங்குவதை ஸ்பானியம் ஏற்பதில்லை. ஆதலின் மன அழுத்தத்தைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெஸ்’ அங்கு ‘எஸ்த்ரெஸ்’ ஆகின்றது. ‘ஸ்கேனர்’ என்பது ‘எஸ்கானெர்’ ஆகின்றது. ரகரத்தை மொழிமுதலாகக் கொள்ளாத தமிழ் ‘இராமன்’, ‘அரங்கம்’ என உயிரை முன்னிறுத்துவதும், நன்னூலார் அதனைப் பதவியலில் விதியாக்கியதும் இவ்வகையினவே. வடசொல் தன் எழுத்தை விடுத்துத் தமிழெழுத்தோடு பொருந்தின் சொல்லாகும் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்ததும் ஏற்புக்கான நிபந்தனையே, விலக்கு அன்று.

எனினும் விதி மட்டும் போதாது. ‘விஸ்கி’யைத் தூய ஸ்பானிய எழுத்துகளால் ‘குய்ஸ்கி’ எனக் கழகம் அகராதியில் ஏற்றது. இலக்கண நோக்கில் அதில் குறையில்லை. ஆனால் எழுதுவோர் அதனைப் பெரிதும் புறக்கணித்தனர். 2010ஆம் ஆண்டின் எழுத்திலக்கண நூலில் கழகமே வேறொரு வடிவைப் பரிந்துரைக்க நேர்ந்தது. புட்டியின் முகப்பில் நாள்தோறும் கண்ணிற்படும் ஆங்கில எழுத்தோடு அகராதி போட்டியிட முடியவில்லை.

‘கம்ப்யூட்டர்’ தரும் சான்று சுவையானது. ஸ்பெயினில் அது ‘ஓர்தெனதோர்’. ஆங்கிலச் சாயல் அற்ற இச்சொல், 1955இல் பிரான்சில் ஆக்கப்பெற்ற சொல்லைப் பின்பற்றியது. ஓர் அயல்மொழியைத் தவிர்க்க மற்றோர் அயல்மொழியை நாடியதைத் தூய்மை எனல் பொருந்துமா? ஆங்கிலத்தைத் தழுவியதாகக் கருதப்படும் அமெரிக்க நாடுகளின் ‘கொம்புதாதோரா’வோ, எண்ணுதலைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழியது. ஸ்பானியத்தின் தாய்மொழி லத்தீன்.

இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் வரவுகள். தெரியாத வரவு பொருள் நிலையில் நிகழ்கின்றது. ஸ்பானிய ‘அப்லிகார்’ மருந்தைப் பூசுதல், விதியைப் பொருத்துதல் முதலிய பொருள்களில் வழங்கிய வினை. ஆங்கிலத் தாக்கத்தால் இன்று அமெரிக்க நாடுகளில் அது வேலைக்கு விண்ணப்பித்தலையும் குறிக்கின்றது. அப்பொருளுக்கு உரிய ‘சொலிசித்தார்’ மொழியில் இருக்கவே இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. பொறுப்பேற்றலைக் குறித்த ‘அசுமீர்’ கருதிக்கொள்ளுதல் என்னும் பொருளை ஏற்றதும் இவ்வாறே. உரு முற்றிலும் ஸ்பானியம், பொருள் ஆங்கிலம். சொல்லின் தோற்றத்தைக் கொண்டு தூய்மையை அளக்கும் திறனாய்வு இவற்றைத் தடையின்றி உள்ளே விடுகின்றது. தமிழ் ஆய்வுரைகளில் பக்கந்தோறும் காணப்பெறும் ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’ என்னும் தொடரும் ஆங்கிலத் தொடரொன்றின் நேர்பெயர்ப்பே. ‘பஸ்’ஸைப் ‘பேருந்து’ எனத் திருத்தும் எழுதுகோல் அத்தொடரைத் தொடாமலே கடந்துவிடுகின்றது.