மடையர் இருவரும் மாளிகை மாந்தரும்

சிரிப்பு தீதா? சிரிக்க வைப்பவன் கீழோனா? 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த 'டம்ப் அண்டு டம்பர்' எனும் படம் எழுப்பிய வழக்கு இது. ஃபாரெல்லி உடன்பிறப்பினரின் படைப்பு. ஜிம் கேரியும் ஜெஃப் டேனியல்சும் மடமையில் ஒருவரையொருவர் விஞ்சும் நண்பர்கள். திறனாய்வாளரிடையே ஒருமித்த தீர்ப்பில்லை. ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களில் இரண்டே அளித்தார்; எனினும் ஓரிடத்தில் உரக்கச் சிரித்துவிட்டதை மறைத்தாரில்லை. மக்களோ அள்ளித் தந்தனர். வசூல் 24 கோடி டாலரைத் தாண்டிற்று!

கதை எளிது. ஒருவன் சொகுசுக் கார் ஓட்டி. மற்றவன் செல்வர் வீட்டு நாய்களைச் சீவிச் சிங்காரிப்பவன். வேலையிழந்த இருவரும், சீமாட்டியொருத்தி விமான நிலையத்தில் விட்டுச் சென்ற பெட்டியை அவளிடம் சேர்க்க, பிராவிடன்ஸ் நகரிலிருந்து தொலைதூர ஆஸ்பென் நகருக்குப் புறப்படுகின்றனர். பெட்டிக்குள் இருப்பதோ, கடத்தப்பட்ட அவள் கணவனை மீட்பதற்கான பணம்! பெட்டி திறந்துகொண்டதும் செலவழிக்கின்றனர். செலவழித்த தொகைக்கெல்லாம் கடன்சீட்டு எழுதி உள்ளே வைக்கின்றனர். மடையரின் நாணயம் அது!

பேதிமருந்துக் காட்சி கண்டு மூக்கைப் பொத்தினோர் உண்டு. பொத்தட்டும், ஆனால் கண்ணையுமா மூடிக்கொள்வது? நேற்றுவரை சீந்துவாரற்றுக் கிடந்த இருவருக்கு இன்று உயர்தர விடுதி உபசாரம் செய்கிறது. அறிவு வளர்ந்ததா? இல்லை, கையில் பணம் வந்தது, அவ்வளவே! அழிந்துவரும் ஆந்தையைக் காக்கப் பட்டாடை உடுத்திக் கூடுகிறது சீமான்கள் கூட்டம். ஆந்தைக்கு விருந்து வைத்து நிதி திரட்டுவோர், வேலையற்ற மனிதனுக்கு என்ன வைத்தனர்? மது புட்டியின் மூடி பறந்து அந்த ஆந்தையையே வீழ்த்தும்போது, சிரிப்பு மாளிகையின் மார்பில் தைக்கிறது.

அதே சிரிப்பு குறி தவறும் இடமும் உண்டு. செத்த கிளியின் தலையை ஒட்டவைத்து, பார்வையற்ற சிறுவனிடம் விற்றுவிடுகிறான் ஒருவன். ஈபர்ட் சிரித்தது இந்தக் கிளிக்காகத்தான். சிரிப்பு வருகிறது, உண்மை. ஆனால் அங்கே அடிபடுவது யார்? ஆணவக்காரனா? அகந்தை கொண்ட செல்வனா? இல்லை, திருப்பியடிக்க வகையற்ற சிறுவன்!

தோழர்களே! நகைச்சுவை உயர்ந்ததா தாழ்ந்ததா என அளக்க மேட்டுக்குடியின் மூக்கு அளவுகோல் ஆகாது. வசூல் கணக்கும் ஆகாது. மேலிருப்பவன் முகமூடியைக் கிழிக்கும் சிரிப்பு அறிவின் தோழன். கீழிருப்பவன் முதுகில் விழும் சிரிப்பு ஆதிக்கத்தின் ஏவலாள். இந்தப் படத்தில் இரண்டும் உண்டு. கைதட்டுமுன் கேளுங்கள்: இந்தச் சிரிப்பு யார்மீது விழுகிறது?