விதித்த வேகமும் விழைந்த வேகமும்

மும்முனை மின்சாரம் வராத வேளையில், இரண்டு பேஸிலேயே கன்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டித் தண்ணீர் இறைத்துவிடும் சாமர்த்தியத்தைப் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை; அதனால் காயில் கருகி ரீவைண்டிங் கடைக்கு நடக்க நேர்வதையும் அவர்கள் அறிவார்கள். செய்தவன் விதித்த எல்லைக்கு அப்பால் இயந்திரத்தை உழைக்க வைக்கும் அதே மனோபாவம், கணினி உலகில் ஓவர்கிளாக்கிங் என்ற பெயரில் ஒரு கலையாகவே வளர்ந்து நிற்கிறது. விளையாட்டுக்காகக் கணினி வைத்திருப்பவர் அதைச் செய்தால் அது அவருடைய சந்தோஷம். பல லட்ச ரூபாய் பெறுமானமுள்ள வொர்க்ஸ்டேஷனின் பிராசஸரையும் ரேமையும் அவ்வாறு விரட்டுவது நியாயமா என்பதுதான் ஆராயத்தக்க விஷயம்.

இந்த ஆராய்ச்சி நம் பிரதேசத்துக்கு அந்நியமானதன்று. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னோ அதற்கு மேலோ தோண்டத் திட்டமிட்ட அல்லது ஐம்பது ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள பெருங்கனிமக் குத்தகைதாரர்கள் ஆண்டுதோறும் ட்ரோன் படங்களைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2021 நவம்பரில் விதி செய்தது. அரியலூரைச் சுற்றிய சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பெரியவை இந்த விதிக்குள் வருபவை. ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, குழியின் ஆழத்தையும் குவியலின் கொள்ளளவையும் கணக்கிடும் வேலை சாதாரணக் கணினியை மணிக்கணக்கில் மூச்சுத் திணற வைப்பது. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரருடைய சங்கடமும் ஏறக்குறைய இதுவே. ஆக, வேகத்தின்மேல் உள்ள ஆசையை வெறும் மோகம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த ஆசைக்குப் பலன் கிட்டிய பொற்காலமும் ஒன்று இருந்தது. 1998இல் வந்த செலரான் 300ஏ என்னும் மலிவான பிராசஸரை, பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்துவது ஒன்றினாலேயே 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, பன்மடங்கு விலையுள்ள பென்டியத்துக்கு இணையாக நிறுத்தினார்கள். உற்பத்தியாளர் முன்னெச்சரிக்கையாக விட்டு வைத்திருந்த இடைவெளியை உபயோகித்தவன் அனுபவித்தான். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. இன்றைக்கும் இந்தப் பழக்கத்தின் தலைசிறந்த குணம், தான் வாங்கிய பொருளின் உள்ளமைப்பை ஒருவன் கற்றுக்கொள்ளும்படி செய்வதே என்று நினைக்கிறேன்; வோல்டேஜ், உஷ்ணம், தாமதம் ஆகியவற்றின் சம்பந்தத்தைப் பாடப் புத்தகத்தில் படித்தவனைவிட, பயாஸில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவன் நன்றாக அறிவான்.

ஆனால் அந்த இடைவெளி இன்று எங்கே இருக்கிறது? 2023இல் வந்த த்ரெட்ரிப்பர் புரோ 7995டபிள்யூஎக்ஸ் என்னும் 96 கோர் பிராசஸரின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், உஷ்ணமும் மின்சாரமும் இடம் கொடுத்தால் அதுவே தானாக 5.1 வரை ஏறிக்கொள்கிறது. முன்பு நாம் செய்த காரியத்தைச் சிப்பே கணத்துக்குக் கணம் செய்துகொள்கிறபோது, நமக்கு மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையோ அதிகம். மின்செலவு வேகத்தின் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்க விகிதத்திலும் ஏறுவதால், இரண்டையும் பத்து சதவீதம் உயர்த்தினால் இந்தச் சிப்பின் 350 வாட் ஏறத்தாழ 465 வாட் ஆகிறது. பத்து மணி நேர வேலையில் இதனால் மிச்சமாவது, எல்லாம் சரியாக நடந்தால், ஐம்பத்தைந்து நிமிஷம். அந்தக் கூடுதல் உஷ்ணத்தை வெளியேற்றும் காற்று விசிறியோ தண்ணீர்க் கூலரோ சிப்பை அறையின் காற்றைவிடக் குளிர்விக்க இயலாது. இருபத்திரண்டு டிகிரி அறையில் எழுதப்பட்ட சாதனைக் கணக்கு, முப்பத்தெட்டு டிகிரி அறையில் பதினாறு டிகிரி கடனோடு தொடங்குகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்து அறையானால், ரேடியேட்டரின் இதழ்களில் படியும் புழுதியையும் அந்தக் கடனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லையைத் தொட்டவர்கள் தயாரிப்பாளர்களே என்பதற்குச் சாட்சியங்கள் உண்டு. 2000ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்கையில் தடுமாறியதால் ஒரே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. 2024இல் அதே நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில நிலைகுலைந்தபோது, தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் அவற்றில் பாய்ந்ததே காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பயாஸ் பக்கமே போகாதவர்களும் அந்த நஷ்டத்தில் பங்குபெற்றார்கள்.

ரேம் விஷயம் இன்னும் சூட்சுமமானது. இங்கே ஓவர்கிளாக்கிங்கின் பிரயோஜனம் மெய்யாகவே பெரிது. தொண்ணூற்றாறு கோர்களும் எட்டு ரேம் பாதைகளில் வரிசை நிற்கும்போது, பாதையை அகலப்படுத்துவது பிராசஸரை விரட்டுவதைவிடப் பலன் தரும். அபாயமும் இங்கேதான் அதிகம். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்னஞ்சிறு கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்4 வகையில் 64 மில்லிசெகண்டுக்குள்ளும், 85 டிகிரிக்கு மேல் சூடேறினால் 32 மில்லிசெகண்டுக்குள்ளும் புதுப்பிக்க வேண்டும் என்பது நியமம். வேகத்துக்காக இந்த இடைவெளியைப் பல மடங்கு நீட்டி வைப்பது ஓவர்கிளாக்கர்களின் பிரசித்தமான உபாயம். மார்கழி இரவில் மெம்டெஸ்ட் என்னும் ரேம் பரீட்சையில் பிழையின்றித் தேறிய அதே அமைப்பு, அக்கினி நட்சத்திரத்து மத்தியானத்தில், ஓசையின்றி ஒரு பிட்டை மாற்றி எழுதிவிடக் கூடும்.

கணினி அணைந்துபோனால் வேலையை மறுபடி தொடங்கலாம். அணையாமல், தவறான எண்ணைச் சரியான எண் போல எழுதி முடித்தால் என்ன செய்வது? கல்யாண வீடியோவின் ஒரு பிரேமில் ஒரு புள்ளி நிறம் மாறினால் மாப்பிள்ளை வீட்டார் கூடக் கவனிக்கமாட்டார்கள். சுரங்கக் கணக்கிலும் தனித்து நிற்கும் தவறான புள்ளியை மென்பொருள் பெரும்பாலும் வடிகட்டிவிடும். ஆனால் உயர அளவைத் தீர்மானிக்கும் எண் ஒன்று புரண்டால், அரசுக்குப் போகும் அறிக்கையே பொய்யாகிவிடும். இந்த ஆபத்தைத் தடுக்கவே வொர்க்ஸ்டேஷனில் இசிசி என்னும் பிழை திருத்தும் ரேமுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறோம். அந்தக் காவலனுக்குக் கூலி கொடுத்துவிட்டு, அவனுக்கு ஓயாத வேலை வைப்பது என்ன விவேகம் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே பெரம்பலூர் வெயிலில் பிழைப்புக்காக ஓடும் வொர்க்ஸ்டேஷனுக்கு ஓவர்கிளாக்கிங் தகாது என்பதே என் நிர்ணயம். வோல்டேஜைச் சற்றே தணித்து, மின்வரம்பைக் குறைத்து ஓட்டுவது, வேகத்தில் சிறிதே இழந்து உஷ்ணத்தில் வெகுவாக லாபம் தரும். கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்கள் பழைய கணினி ஒன்றைத் தாராளமாக விரட்டிப் பார்க்கட்டும். திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ அசெம்பிள் செய்து புதிது வாங்குகிறவர்கள், எக்ஸ்எம்பி, எக்ஸ்போ முதலிய ரேம் அமைப்புகளைக் கடைக்காரர் இயக்கி வைத்திருக்கிறாரா என்று பயாஸில் பார்த்துக்கொள்ளுங்கள், அவையும் ஓவர்கிளாக்கிங்தான். ரேம் சோதனையை ஏசி இல்லாத அறையில், மதியம் இரண்டு மணிக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.